மலை எரிந்தால் யார் கணக்கில் எழுதுவது?

ராஜபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. மாசி மாதம் பிறந்துவிட்டால், ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே மலையில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். யாரோ மலைக்கு மாலை போட்டது மாதிரி வளைந்து வளைந்து போகும். சின்ன வயதில் அது அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சியிடம் கேட்டால், "எவனாவது பீடியைப் போட்டுட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விடுவார். அவ்வளவுதான் விவாதம்.

மறுநாள் பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வரும். "மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத்தீ. பல ஏக்கர் பரப்பில் அரிய வகை மூலிகைகள் எரிந்து நாசம்." வருடா வருடம் இதே வாக்கியம். அச்சகத்தில் பிளாக் எடுத்து வைத்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு :-) 'பல' என்பது எத்தனை? 'நாசம்' என்றால் எத்தனை ரூபாய்? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்த இரண்டு கேள்வியும் வராமல் இருக்காது. ஆனால் செய்தி எழுதுகிறவரும் கேட்பதில்லை, படிக்கிற நாமும் கேட்பதில்லை.

இதையே ஒரு மில் குடோனில் வைத்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் பஞ்சு குடோனில் தீப்பிடித்தால் அடுத்த நாளே இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்பார். ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்பார். பி.காம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், 'தீ விபத்து இழப்பீட்டுக் கோரிக்கை' என்று தனியாக ஒரு பாடமே இருக்கிறது. தீப்பிடித்த தேதியில் எவ்வளவு சரக்கு இருந்தது, அதில் எரியாமல் மீந்தது எவ்வளவு, பாலிசித் தொகை சரக்கு மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் சராசரி விதிப்படி எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு பக்கம் நிறையக் கணக்குப் போடுவோம். பரீட்சையில் நிச்சயம் ஒரு கேள்வி வரும். எனக்கு ஓரளவு கைவந்த பாடம் அது.

அந்தக் கணக்கை இந்த மலைக்குப் போட முடியுமா என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். தீப்பிடித்த தேதியில் சரக்கு எவ்வளவு? ரிஜிஸ்டரே இல்லையே!

நம்ம மலை சும்மா ஒரு மலை இல்லை. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் அதையும் தேனிப் பக்கத்து மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்கள் அந்த அணிலைப் பார்த்திருக்கலாம். பூனை அளவுக்கு இருக்கும், மரத்துக்கு மரம் தாவும், தரையில் இறங்குவது அபூர்வம். மர உச்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு ரோடு. நடுவில் ஒரு துண்டு எரிந்து மொட்டையானால் அதன் ரோடு அங்கே வெட்டுப்படுகிறது.

சரணாலயம் என்பதால் இங்கே மரம் வெட்டி விற்க முடியாது. நல்லதுதான். ஆனால் கணக்கு என்று வரும்போது இதிலேயே ஒரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது. விற்க முடியாத பொருளுக்கு விலை இல்லை. விலை இல்லாத பொருள் எரிந்தால் புத்தகத்தில் நஷ்டம் பூஜ்யம். அதனால்தான் 'அரிய வகை மூலிகை' என்ற ஒரு வார்த்தையோடு செய்தி முடிந்துவிடுகிறது.

என் கட்சி இதுதான்: இந்த மலையின் சரக்கு மரமும் இல்லை, மூலிகையும் இல்லை. தண்ணீர்.

ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் வருகிறது. அதற்குத் தண்ணீர் தருவது அய்யனார் கோயில் பக்கத்து மலை ஓடைகள். வத்திராயிருப்பு வயல்களுக்குப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். தேவதானம் பக்கம் சாஸ்தா கோயில் ஆறு. இவை எல்லாம் இந்த மலையின் கிழக்குச் சரிவில் விழுகிற மழையை நம்பியவை. மலைக்குப் பின்பக்கம் வருசநாடு, மேகமலையில் வைகை பிறக்கிறது. மதுரைக்காரர்களும் இந்தக் கணக்கில் பங்குதாரர்கள்தான், அவர்களுக்கே தெரியாமல்.

இங்கே எரிவது பெரும்பாலும் தரைத்தீ. சினிமாவில் காட்டுவது மாதிரி மரத்தின் உச்சியெல்லாம் பற்றி எரியாது. காய்ந்த சருகு, புல், புதர் எரிந்துகொண்டே நகரும். பெரிய மரங்கள் பலவும் தப்பித்துவிடும். அதனால் 'பெரிய சேதம் இல்லை' என்று சொல்லிவிடலாம். சொல்கிறார்கள். ஆனால் எரிந்தது என்ன? மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் தாங்குகிற சருகு மெத்தை. தண்ணீரைப் பிடித்து மெதுவாக உள்ளே இறக்குகிற புல் வேர். அது போன பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு ஓடையில் வெள்ளம். தை மாதம் அதே ஓடை வறண்டு கிடக்கும். இழுத்து வந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு கொள்ளளவைத் தின்னும். அப்புறம் தூர் வார டெண்டர் விடுவோம். அந்தச் செலவு வேறொரு துறையின் கணக்கில் வரும், காட்டுத்தீக் கணக்கில் வராது. கோடையில் குடம் குடமாக விலை கொடுத்து வாங்குகிற தண்ணீர் அம்மாவின் மளிகை நோட்டில் வரும். ஒரே நஷ்டம் பத்துப் புத்தகங்களில் பத்துப் பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. ஆடிட்டர் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று நாற்றுகள். தரைத்தீயில் பெரிய மரம் பிழைக்கும், முழங்கால் உயரக் கன்று பிழைக்காது. வருடா வருடம் எரிந்தால் கிழ மரங்கள் மட்டும் நிற்கும், அடுத்த தலைமுறை இருக்காது. இருபது வருடமாக ஆளே எடுக்காத அலுவலகம் மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் ஓய்வு பெறும்போதுதான் தெரியும்.

சரி, கையில் பணமாகவே தெரிகிற நஷ்டத்துக்கு வருவோம். சதுரகிரி. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் என்றால் தாணிப்பாறை அடிவாரத்தில் கூட்டம் அள்ளும். ஆடி அமாவாசைக்குச் சொல்லவே வேண்டாம். கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பில் இருந்து வருகிற ஆட்டோ, வேன், அடிவாரத்தில் இட்லிக்கடை, மோர்க்கடை, ஊன்றுகோல் வாடகைக்குத் தருகிறவர் என்று ஒரு சின்னப் பொருளாதாரமே அந்தச் சில நாட்களை நம்பி இருக்கிறது. மலையில் தீ என்றால் வனத்துறை உடனே தடை போடும். போட்டுத்தான் ஆக வேண்டும், உயிர் முக்கியம். 2023 ஜூலையில் ஆடி அமாவாசை சமயத்திலேயே தீப்பிடித்து பக்தர்கள் மேலே போவது நின்றது. அன்றைக்கு அரைத்து வைத்த மாவு என்ன ஆனது? மோருக்கு வாங்கிய பால் என்ன ஆனது? அந்த அக்காவுக்கு இன்சூரன்ஸும் இல்லை, இழப்பீடும் இல்லை. புள்ளிவிவரத்தில் அவர் இருப்பதற்கே வழியில்லை. அமைப்புசாராத் துறை என்று பாடத்தில் படிக்கிறோமே, அது இதுதான்.

மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களின் கதை வேறு. எங்கள் பெரியப்பா ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மேலே தீப்பிடித்த வாரத்தில் அவர் ராத்திரி தூங்க மாட்டார். தீ இறங்கி வந்துவிடும் என்ற பயம் ஒன்று. மேலே தண்ணீரும் இலையும் இல்லாமல் யானை இறங்கும் என்பது இன்னொன்று. யானை ஒரு ராத்திரி வந்துபோனால் அந்த வருடத்துக் குத்தகைப் பணம் போச்சு. "தீயால வந்துச்சா, சும்மா வந்துச்சான்னு யானைகிட்டயா கேக்க முடியும்?" என்பார் பெரியப்பா. காரண காரியத் தொடர்பை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு செமஸ்டர் எடுப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்ப்போம். 2018-ல் உலக வங்கியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து இந்தியக் காட்டுத்தீ பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. காட்டுத்தீயால் இந்தியாவுக்கு வருடத்துக்குக் குறைந்தது 1,101 கோடி ரூபாய் நஷ்டம் என்கிறது அது. அதே அறிக்கைப்படி 2014-ல் மட்டும் எரிந்த காடு சுமார் 49,000 சதுர கிலோமீட்டர். ஹரியானா மாநிலத்தைவிடப் பெரிது. இரண்டையும் வைத்துச் சும்மா ஒரு வகுத்தல் போட்டேன். 49,000 சதுர கிலோமீட்டர் என்றால் 49 லட்சம் ஹெக்டேர். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 2,250 ரூபாய் வருகிறது. (ஒரு வருடப் பரப்பை வைத்துப் போட்ட முரட்டுக் கணக்கு, பைசா சுத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கர் காடு எரிந்தால் நஷ்டம் ஒரு நல்ல செருப்பின் விலை!

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். ஒரு சுரங்கமோ ரோடோ போடக் காட்டு நிலத்தை எடுத்தால், எடுக்கிறவர் அந்தக் காட்டின் 'நிகழ்கால நிகர மதிப்பு' என்று ஒரு தொகை கட்ட வேண்டும். நாம் நிதி மேலாண்மையில் புராஜெக்ட்டுக்குப் போடுகிறோமே, அதே என்.பி.வி.தான். கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் அங்கீகரித்த விகிதம், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. அப்புறம் அதையும் உயர்த்திவிட்டார்கள். அந்தப் பழைய விகிதத்தின் மிகக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், நம்ம 2,250 ரூபாய் அதில் அரை சதவீதம்தான்.

தீயில் காடு முழுசாகப் போய்விடுவதில்லை, சுரங்கத்தில் போய்விடுகிறது, அதனால் இரண்டும் ஒன்றில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். முழு மதிப்பையும் நஷ்டம் என்று எழுதக் கூடாது. ஆனால் தேய்மானம் என்று ஒன்று இருக்கிறதே? ஒரு எந்திரம் ஒரே நாளில் உடைவதில்லை, அதற்காக நாம் தேய்மானம் எழுதாமல் விடுகிறோமா? ஒரு தீ காட்டின் மதிப்பில் 2 சதவீதத்தைத் தேய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம் (என் ஊகம்தான், வாதத்துக்காக). 50 ஹெக்டேர் எரிந்தால் அந்தப் பழைய குறைந்தபட்ச விகிதத்திலேயே 4.38 லட்சம் ரூபாய். ஒரு ராத்திரி மொட்டை மாடியிலிருந்து பார்த்த சிவப்புக் கோட்டின் விலை அது. ஒரு சீசனுக்கு எத்தனை கோடு!

இந்த என்.பி.வி.யிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சொல்லாமல் விட மனசில்லை. 50 வருடம் கழித்து இந்தக் காடு தரப்போகிற 100 ரூபாய் நன்மைக்கு இன்றைய மதிப்பு என்ன? 10 சதவீதத் தள்ளுபடி விகிதம் போட்டால் 85 பைசா. 4 சதவீதம் போட்டால் 14 ரூபாய். 2006-ல் பருவநிலை மாற்றம் பற்றி நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் பயன்படுத்திய 1.4 சதவீதம் போட்டால் 50 ரூபாய். அதே காடு, அதே 100 ரூபாய். 85 பைசாவா 50 ரூபாயா என்பதை முடிவு செய்வது கணிதம் இல்லை, பேரப்பிள்ளைகளை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பது. ஸ்டெர்னின் விகிதம் ரொம்பக் குறைச்சல் என்று வில்லியம் நார்த்ஹாஸ் (2018-ல் நோபல் வாங்கியவர்) சண்டை போட்டார். எனக்கென்னவோ, தண்ணீர் விஷயத்தில் ஸ்டெர்ன் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. 50 வருடம் கழித்தும் ராஜபாளையத்துக்காரன் தண்ணீர்தான் குடிப்பான்.

ஜி.டி.பி. என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். தீயை அணைக்க ஆளுக்குக் கூலி கொடுத்தால் ஜி.டி.பி. ஏறும். தூர் வாரினால் ஏறும். தண்ணீர் லாரி ஓடினால் ஏறும். எரிந்த காட்டை எங்கேயும் கழிப்பதில்லை. உடைந்த கண்ணாடி ஜன்னலால் கண்ணாடிக்காரருக்கு வியாபாரம் வருகிறது என்று சந்தோஷப்படுவது எவ்வளவு முட்டாள்தனம் என்று பாஸ்தியா 1850-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் நாம் இன்னும் கண்ணாடிக்காரரின் வருமானத்தை மட்டும் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு மாற்றுக்கருத்தையும் சொல்ல வேண்டும். எல்லாத் தீயும் கெட்டது இல்லை. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு கொஞ்சமாக இருக்கும்போதே, சின்னதாகத் தீ வைத்துவிடுவார்கள். பெரிய தீக்கு விறகு மிஞ்சாது. அரசு அதைத் தடுத்த பிறகு அங்கே உண்ணிச்செடி மண்டியது, பின்னால் வந்த தீ முன்பைவிட உக்கிரமானது என்று சோலிகர்களே சொல்கிறார்கள். அந்த வாதத்தைப் பற்றி ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். உண்ணிச்செடி நம்ம ஊரிலும் இல்லாத இடம் இல்லை. 'தீயே கூடாது' என்று சட்டம் போட்டுவிட்டு விறகை மட்டும் வருடா வருடம் சேர்த்து வைப்பது எந்த ஊர் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று எனக்குப் புரியவில்லை.

ஆடு மாடு மேய்க்கிறவர்கள் மேல் பழி போடுவதும் சுலபம். புதுப்புல் முளைக்கத் தீ வைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது, சில நாட்களில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று திருத்தியது. ஆனால் மாடு தின்கிற புல்லும் எரியக்கூடிய விறகுதான். மாட்டை நிறுத்தினால் அந்தப் புல்லை யார் குறைப்பது என்று யாராவது கேட்டார்களா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. பால்கோவாவுக்குப் பின்னால் பால், பாலுக்குப் பின்னால் மாடு, மாட்டுக்குப் பின்னால் புல் என்று போனால் அடிவாரத்தில் போய்த்தான் நிற்க வேண்டும். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடையின் செலவை மேய்ப்பவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, லாபத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்கிறேன்.

பருவநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது? நம்ம சரிவு கிழக்குச் சரிவு. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும், நமக்கு வருவது பெரும்பாலும் அதன் காற்று மட்டும். நமக்கு மழை ஐப்பசிக்கு மேல்தான். அதாவது பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த புல்லுக்கு ஆனி, ஆடிக் காற்று வேறு. வெப்பம் கூடக் கூட, மழை இல்லாத நாட்கள் நீள நீள, புல் காய்கிற காலம் இரண்டு பக்கமும் நீளும். தீ சீசன் என்று பிப்ரவரி முதல் மே வரை மட்டும் ஆள் எடுத்தால், ஆடி அமாவாசைத் தீக்கு யார் போவது?

உலகத்தில் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வருவோம். இந்தோனேசியாவில் 2015 தீயால் 1,610 கோடி டாலர் நஷ்டம் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. எரிந்தது சுமார் 26 லட்சம் ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல் வருகிறது. நம்ம 2,250 ரூபாயைத் திரும்பவும் பாருங்கள். அங்கே கரிசேற்று நிலம், தோட்டப் பயிர்கள், சிங்கப்பூர் வரை போன புகை எல்லாம் சேர்ந்த கணக்கு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் புகை, விவசாயம், சுற்றுலா, பள்ளி மூடல் என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து கூட்டியிருக்கிறார்கள். கூட்டினால் எண் பெரிதாகிறது. கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் இறந்தார்கள். தீக்குக் காரணமான மின்கம்பியின் சொந்தக்காரரான பி.ஜி. அண்ட் ஈ. நிறுவனம் 2019 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. 2023-ல் ஸ்டேட் ஃபார்ம் அந்த மாநிலத்தில் புதிய வீட்டுக் காப்பீடு தருவதை நிறுத்தியது. அங்கே ரிஸ்க்குக்கு ஒரு விலை இருக்கிறது, விலை ஏறும்போது கத்துகிறார்கள். இங்கே பிரீமியமே இல்லாததால் கத்த ஒன்றும் இல்லை.

நாம் கத்தியது ஒரே ஒரு தடவை. 2018 மார்ச் 11, குரங்கணி. நம்ம மலைத்தொடரிலேயே போடிப் பக்கம். சுக்குநாறிப்புல் நிறைந்த சரிவில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் நம்மைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார், அதே வருடம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. மலையேறுகிறவர்களை ஒழுங்குபடுத்தியாகிவிட்டது. புல்?

தீ எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமல் இல்லை. இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. இப்போது 375 மீட்டர் துல்லியத்தில் இடம் தெரிகிறது, வனத்துறையினரின் போனுக்குக் குறுஞ்செய்தியும் போகிறது. ஆனால் குறுஞ்செய்தி தீயை அணைக்காது. அந்தச் சரிவில் லாரி ஏறாது. ஆள் நடந்து போய், பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் போய்ப் புல்லைச் செதுக்கி வழி மறிக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் சீசனுக்கு மட்டும் எடுக்கப்பட்ட தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர். 21-ம் நூற்றாண்டுச் செயற்கைக்கோளுக்கும் பச்சைக் கிளைக்கும் நடுவில் அவருடைய தினக்கூலி மட்டும்தான் பாலம்.

என்னிடம் பணம் கொடுத்தால் (யாரும் கொடுக்கப் போவதில்லை) முதலில் அங்கேதான் போடுவேன். அய்யனார் கோயில், செண்பகத்தோப்பு, தாணிப்பாறைப் பக்கம் பளியர் குடும்பங்கள் இருக்கின்றன. எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தச் சரிவில் புல் முதலில் காயும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களை நான்கு மாதக் கூலிக்கு அழைக்காமல் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு வைத்து, கார்த்திகை முடிந்ததும் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, உண்ணிச்செடியை வேரோடு எடுப்பது, தை மாதத்திலேயே வனத்துறை மேற்பார்வையில் சில இடங்களில் சின்னத் தீ வைப்பது என்று வேலை கொடுக்கலாம். சின்னத் தீ எங்கே சரிப்படும், எங்கே அணிலின் மரத்துக்கு ஆபத்து என்று பார்க்கத் தாவரவியல் படித்தவர்களும் கூட வேண்டும். அது காமர்ஸ்காரன் சொல்லும் விஷயம் இல்லை.

பணம் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப்பணத்தைப் பிரிக்கும்போது காடு, சூழலியலுக்கு 10 சதவீத எடை கொடுத்தது. முந்தைய குழு கொடுத்தது 7.5. அடர்ந்த காடு வைத்திருக்கிற மாநிலத்துக்கு அதனால் கொஞ்சம் கூடுதல் பணம். அதாவது செண்பகத்தோப்பில் நிற்கிற மரம் டெல்லியிலிருந்து சென்னைக்குப் பணம் வாங்கிக் கொடுக்கிறது. சென்னையிலிருந்து அது செண்பகத்தோப்புக்கு வருவதற்கு எந்த விதியும் இல்லை, பொது கஜானாவில் கலந்துவிடுகிறது. வழி இல்லாமல் இல்லை. நியூயார்க் நகரம் 1997-ல் ஒரு ஒப்பந்தம் போட்டது. பல நூறு கோடி டாலரில் சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்குப் பதிலாக, அதில் ஒரு பங்கைக் கேட்ஸ்கில் மலைப்பகுதி நிலத்தைப் பாதுகாக்கவும் அங்கே இருக்கிற விவசாயிகளுக்குக் கொடுக்கவும் செலவு செய்தது. ராஜபாளையத்தில் குடிநீர் இணைப்புக் கட்டணத்தோடு மாதம் ஐந்து ரூபாய் 'மலைக் கட்டணம்' என்று வசூலித்து, அது தீக்காவலர் சம்பளத்துக்கு மட்டும் போகும் என்று ரசீதிலேயே அச்சடித்தால் ஊர் கொடுக்குமா? வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் கொடுப்போம் என்றார்கள். மீதிப் பேர், "ஐந்து ரூபாயும் போகும், மலையும் எரியும்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதனால் இன்னொரு நிபந்தனை சேர்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம், எத்தனை தீ, எத்தனை ஹெக்டேர், காவலர் எத்தனை பேருக்கு எத்தனை நாள் சம்பளம், நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி வண்டல் என்று ஒரே ஒரு பக்கம் நகராட்சி அலுவலக வாசலில் ஒட்டப்பட வேண்டும். பேலன்ஸ் ஷீட் மாதிரி. கணக்குப் போட ஆள் இல்லை என்றால் இந்த ஊரில் எத்தனை பி.காம் பையன்கள் சும்மா இருக்கிறோம், கூப்பிடட்டும்.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்து உலகத்துக்கே அனுப்புகிற மாவட்டம் நம்முடையது. ஒரு குச்சியில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டும் என்று சிவகாசியில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பாவிடம் இந்த ஐந்து ரூபாய் யோசனையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பத்து ரூபாயாவே வாங்கச் சொல்லு. ஆனா ரசீது வேணும்" என்றார்.